ஒரு குண்டுமணி ஈயமும் என் மகளின் கல்யாண உடையும்

கிஷ்பாலோத்,
23 செப்டம்பர் 1973, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, எல்லைச் சாவடிச் சுங்க அதிகாரி கெலெமென் அந்தோர் அவர்களுக்கு,

லாரி ஓட்டுநர் தோபியாஷ் வெந்தெல் எழுதுவது. இங்கே என் மனைவி மார்கித் நலம். மிச்சமான கசகசா கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே உங்கள் பக்கம் பேசும் அளவுக்கு நலம். நான் நலமில்லை. அங்கே தாங்களும் சம்பந்தி அம்மா இல்மாவும் சௌக்கியமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

நேற்றுக் கல்யாண விருந்தில், "வெந்தெல் சம்பந்தி ஏன் குளவி கொட்டின மூஞ்சியோட உக்காந்திருக்கார்?" என்று என் மனைவியிடம் கேட்டீர்களாம். ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியாது என்றால் சொல்கிறேன். வாயால் சொன்னால் காதை மூடிக்கொள்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் முன்னால் எதை மூடுவீர்கள் என்று பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் பிரோஷ்கா ஒரு ஜெர்மன் பத்திரிகையில் கல்யாண உடை ஒன்றின் படத்தைப் பார்த்து, "அப்பா, இது மாதிரி ஒண்ணு" என்றாள். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்கள் மகன் ஆகோஷ் அப்போது கண்ணிலேயே படவில்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் உடை நிச்சயமாகிவிட்டது. அதற்காக ஆறு பயணம், ஹாம்பர்க் வரைக்கும் சாலையோரக் கடையில் ஒரு சூப்புக்கூடக் குடிக்காமல், வீட்டு ரொட்டியும் பன்றிக்கொழுப்புமே தின்று படிக்காசை மிச்சம் பிடித்தேன். மியூனிச்சில் லின்ட்னர் அம்மாள் என்று ஒரு தையல்காரி. கல்யாண உடையிலிருந்து ஜன்னல் திரை வரை எல்லாம் தைப்பவள். வியாழக்கிழமை காலை அவள் கடை மேசையிலிருந்து நீலக் கயிறு கட்டிய பெட்டியை இந்தக் கையால் எடுத்தேன். அவசரத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? இருபத்திரண்டு வருஷமாக ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றி இறக்கியவன், ஒரு பெட்டி மாறியதில்லை.

பெட்டியை எங்கே வைப்பது? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைக்கலாமா? அந்த அறையை எல்லையில் நீங்கள் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பீர்கள். போன வருஷம் மார்கித்துக்கு வாங்கிய காபித்தூளை என் தலையணைக்குள்ளிருந்து எடுத்தவர் யார்? நீங்கள்தானே? ஆகவே லாரியின் பின்பெட்டியில், நெசவாலைக்குப் போகும் இயந்திரச் சரக்குக்கு நடுவில், மூன்றாவது மரப்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஜெர்மன் சுங்கக்காரன் பின்பெட்டிக் கதவைச் சாத்தி, கயிறு கோத்து, ஈய முத்திரையை நசுக்கி ஒட்டினான். முத்திரை வைத்த பின்பெட்டியைச் சரக்கு சேரும் இடம்வரை எவனும் திறக்கமாட்டான். வெள்ளி மதியம் நெசவாலையில் திறப்பார்கள், அங்கே இறக்கும் ஆட்கள் எனக்கு வேண்டியவர்கள், சனிக்கிழமை கல்யாணம். இதில் என்ன தப்பு?

தப்பு என்னுடையதில்லை. சால்ஸ்பர்க் தாண்டி ஒரு மேட்டில் துருக்கிக்காரன் ருஸ்தெம், டயர் வெடித்து, ஜாக்கியும் உடைந்து, சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தான். நிற்கும் வண்டியைத் தாண்டிப் போகிறவன் ஓட்டுநரே இல்லை. நின்றேன். டயர் மாட்டியானதும் தேநீர் குடிக்காமல் போகக்கூடாது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான், குடித்தேன். அப்புறம் லின்ஸ் பக்கம் கொட்டோ கொட்டென்று மழை. மழை விட்டதும் ஒரு ஆஸ்திரியப் போலீஸ்காரன் நிறுத்தி, "பின்விளக்கில சேறு இருக்கு" என்றான். மழையில் வந்த வண்டியில் சேறு இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று தமாஷாகக் கேட்டேன். அவனுக்குத் தமாஷ் பிடிக்காது போலிருக்கிறது. எல்லா விளக்கையும் துடைத்துக் காட்டச் சொன்னான். இப்படியாக உங்கள் சாவடிக்கு வரும்போது வெள்ளி மாலை நாலு மணி. அங்கிருந்தே நெசவாலைக்குப் போன் போட்டால், ஆலைச் சுங்கக்காரர் திராட்சை பறிக்க மாமனார் ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் முத்திரையை வெட்டுவார் என்கிறார்கள். மாமனார் தோட்டத்தில் திராட்சை காத்திருக்காதாம், என் மகள் காத்திருப்பாளாம்!

அப்போதும் நான் பயப்படவில்லை. ஏன் தெரியுமா? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நீங்கள். என் சம்பந்தி. இடுப்பில் குறடு. சுங்க அதிகாரி நினைத்தால் முத்திரையை வெட்டித் திறந்து பார்த்து, புது முத்திரை வைத்து, காகிதத்தில் ஒரு வரி எழுதலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் செய்ததை உங்களுக்கே நினைவூட்டுகிறேன், கேளுங்கள்.

"சம்பந்தி, அந்த ஈயத்தைக் கொஞ்சம் வெட்டுங்க" என்றேன்.

"முத்திரை நல்லா இருக்கு. காகிதமும் சரியா இருக்கு. நீங்க போகலாம்" என்றீர்கள்.

"உள்ள ஒண்ணு இருக்கு."

"இயந்திரச் சரக்கு, பதினாலு பெட்டி. பட்டியல்ல இருக்கு."

"அது இல்ல சம்பந்தி, நம்ம பிரோஷ்காவோட..."

அவ்வளவுதான். எழுந்து நின்று இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டீர்கள்! உங்கள் சக அதிகாரி பக்கத்து மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "உடை மூணாவது மரப்பெட்டிக்குப் பின்னால இருக்கு!" என்று நான் கத்தினேன். நீங்கள் என்னைவிடச் சத்தமாக, "எனக்கு ஒண்ணும் கேக்கல! கேட்டா எழுதணும்! எழுதினா மேல அனுப்பணும்! போங்க சம்பந்தி, வண்டியை எடுங்க!" என்று கத்தினீர்கள். ஐம்பது வயசு மனுஷன், தோளில் பட்டை, காதில் விரல்! ஒரு குண்டுமணி ஈயம், ஐயா! பல்லால் கடித்தால் வந்துவிடும். கடித்திருப்பேன். இருக்கிற பல் நாலும் ஒன்றுக்கொன்று எதிரே இல்லை.

வண்டியை நெசவாலை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பிரோஷ்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பரவாயில்லப்பா" என்றாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளி சாயங்காலமே சம்பந்தி அம்மா பேருந்து பிடித்து ஓடி வந்தார். கையில் அவருடைய சொந்தக் கல்யாண உடை. நாற்பத்தாறில் தைத்தது. யுத்தம் முடிந்த புதிதில் துணி ஏது? வயலில் விழுந்து கிடந்த பாராசூட்டை வெட்டித் தைத்தது! இடுப்பில் பிடித்து, தோளில் விட்டு, ராத்திரிக்குள் சரிபண்ணிவிட்டார்கள். ஊர் மன்ற மண்டபத்தில், திருமணப் பதிவாளர் முன்னால், என் மகள் வானத்திலிருந்து விழுந்த துணியில் நின்றாள். ஊரே வாயைப் பிளந்தது. "இந்த மாதிரி பட்டு இப்பல்லாம் எங்க கிடைக்குது!" என்று தபால்காரர் பெண்டாட்டி என்னிடமே வந்து சொன்னாள், என்னிடம்! பிரோஷ்கா அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அழகாகத்தான் இருந்தாள். நான் அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் உடை அதே நேரத்தில் நெசவாலை வாசலில் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. அதனால்தான் நீங்கள் பிளம் சாராயக் கோப்பையை நீட்டியபோது நான் கோழி சூப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பில் பார்க்க ஒன்றுமில்லை.

இனி உங்கள் வாசற்படியை நான் மிதிக்கமாட்டேன். பேரப்பிள்ளை பிறந்தால் எல்லைக் கம்பத்தடியில் கொண்டுவந்து காட்டுங்கள். காகிதம் சரியாக இருந்தால் பார்த்துவிட்டுப் போகிறேன். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. தங்களுக்கு, முறை விடக்கூடாது என்பதற்காக மட்டும், நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
மனம் கொதித்த
தோபியாஷ் வெந்தெல்

பி.கு. (திங்கள் மாலை): கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இன்று நடந்ததற்குப் பிறகு கிழித்துப்போடப் பார்த்தேன். மார்கித் பிடுங்கி வைத்துக்கொண்டு, "அவர் படிக்கட்டும், ஒரு தடவையாவது நல்லா சிரிக்கட்டும்" என்கிறாள். அவளே கையோடு கொண்டுவருகிறாள். படித்ததும் அடுப்பில் போடவும்.

ஆலைச் சுங்கக்காரருக்குப் புதுத் திராட்சைச் சாறு வயிற்றைக் கலக்கி, அவருக்குப் பதிலாக அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று இறக்கும் ஆட்கள் சொன்னார்கள். முத்திரையை வெட்டினீர்கள். மூன்றாவது மரப்பெட்டிக்குப் பின்னால் நேராக நடந்தீர்கள். நான் நீலக் கயிற்றைப் பிரித்தேன். உள்ளே இரண்டு ஜன்னல் திரை. மஞ்சள் துணியில் பழுப்புக் காளான் போட்டது. வெள்ளிக்கிழமையே நீங்கள் வெட்டியிருந்தால் என் மகள் காளானைச் சுற்றிக்கொண்டு நின்றிருப்பாள். அவளுடைய உடை இப்போது மியூனிச்சில் யார் வீட்டு ஜன்னலில் தொங்குகிறதோ தெரியாது.

நீங்கள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, "ஓட்டுநர் அறைத் திரை, இரண்டு. வண்டியோடு சேர்ந்தது. வரி இல்லை" என்று எழுதினீர்கள். கல்யாண உடையாக இருந்திருந்தால் பட்டியலில் இல்லாத கடத்தல் சரக்கு என்றுதானே எழுதியிருக்க வேண்டும், அப்புறம் என் பயண அனுமதி என்னவாகியிருக்கும் என்பது அப்போதுதான் இந்த மண்டையில் ஏறியது. மன்னிப்பும் நன்றியும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மறுபடியும் காதில் விரலை விட்டுக்கொண்டீர்கள். ஆகவே எழுத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.