கடலைத் துடைத்த கொர்னேலியஸ்

கையிலிருந்த ஈரத்துணியைக் கொர்னேலியஸ் திருப்பிப் பார்த்தார். துணி முழுக்க நீலம். சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் பாதிக் கடலைக் காணோம். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு திட்டு.

"லோயிஸ்! கடல் துணியோட வந்துருச்சு!"

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "தூசி தட்டத்தானே சொன்னேன்? தண்ணிய ஏன் தொட்டீங்க?"

மூன்று மாதத்துக்கு முன் லோயிஸின் இதயத்தில் ஆறு மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தவர் டாக்டர் மங்கையர்க்கரசி. வீட்டுக்கு அனுப்பும்போது அவர் கொடுத்த பரிசு அந்தப் படம். நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஒருவரின் தீவுக் கடற்கரைப் படத்தைப் பார்த்து, டாக்டரின் கணவர் கிருஷ்ணகுமார் வரைந்தது. ரோஸ் மணல், மஞ்சள் வானம், தென்னைகள், பூச்சூடிய இரண்டு பெண்கள். போலாரத்தில் இருக்கும் தங்கள் வீட்டில் தினமும் ஜெபம் முடிந்ததும் கொர்னேலியஸ் அதைப் பார்த்து, டாக்டருக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்வார்.

இன்று நாலு மணிக்கு அந்தத் தம்பதி வருகிறார்கள். மணி மூன்றரை.

மகளின் போஸ்டர் கலரை எடுத்து நீலம் பூசினார். கடல் நீச்சல்குளம் மாதிரி பளபளத்தது. அதை மறைக்க ஒரு படகு போட்டார்.

"செருப்பு மிதக்குது," என்றாள் லோயிஸ்.

படகுதான் என்று புரியவைக்க அதில் ஓர் ஆளை நிறுத்தினார். ஆள் தென்னையைவிட உயரம்.

"நக்கோ! வேணாம், போதும், பிரஷ்ஷ கீழ வைங்க!"

வாசலில் கார் ஹாரன்.

உள்ளே வந்த கிருஷ்ணகுமார் நேராகப் படத்தின் முன் போய் நின்றார். "நான் படகு போட்ட ஞாபகமே இல்லையே?"

கொர்னேலியஸ் கையிலிருந்த பிரஷ்ஷை நீட்டினார். "நான்தான் சார். துடைக்கப் போய்க் கெடுத்துட்டேன். இவ உயிரத் திருப்பித் தந்தவங்க கொடுத்த படம்... அதப் போய்..." கண் கலங்கிவிட்டது.

"அட, விடுங்க. என் படத்தை வாங்கினவங்கெல்லாம் பரண்லதான் போடறாங்க. நீங்க படகே விட்டிருக்கீங்க!" கிருஷ்ணகுமார் வாய்விட்டுச் சிரித்தார்.

லோயிஸ் கொடுத்த அச்சுமுறுக்கு கடிபடாமல் டாக்டரின் கையிலேயே இருந்தது.

கிளம்பும்போது கணவர் காரை எடுக்கப் போனதும், டாக்டர் சட்டென்று கொர்னேலியஸின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க உங்களுக்கு நன்றி சொல்லணும். அவர் படத்து மேல காப்பியக் கொட்டி, போஸ்டர் கலர்ல மூடி, அவர் கண்ல படறதுக்குள்ள உங்ககிட்ட தள்ளிவிட்டேன்; இனிமே அவர் கண்டுபிடிக்கவே முடியாது!"