தாழ்ப்பாள் அறைக்காக முப்பது கணக்கோடு பொருத படலம்

வாழ்க அவள்! வலக்கை நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பை விழுப்புண்ணாகத் தாங்கியவள், கால்குலேட்டர் தீண்டாக் கரத்தினள், தப்பான விடையைக் கண்ட மாத்திரத்தில் தாளோடு கிழித்தெறியும் தறுகண்மை உடையவள், பொறியியல் நுழைவுத் தேர்வு என்னும் பெருங்கடலுக்கு எழுபத்தேழே நாள் தொலைவில் நின்றவள், வீட்டாரால் சின்னவள் என்று விளிக்கப்படுபவள், வாழ்க! ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்த பெரும்போரை இங்கே உரைக்கப் புகுகிறோம். பென்சிலே, முனை ஒடியாதிரு. ரப்பரே, தாளைக் கிழிக்காதிரு. படிப்பவர்களே, நீங்கள் கொட்டாவி விடாதிருங்கள்.

போருக்குக் காரணம் மண்ணாசை. மண் என்றால் பரந்த நாடல்ல, எட்டுக்குப் பத்தடியில் ஓர் அறை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய அறை, குளியலறையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த வீட்டில் அது ஒன்றுதான். கிழக்கே ஜன்னல், மேற்கே அலமாரி, நடுவே நான்கு காலும் தரையைத் தொடும் மேசை என்று சகல லட்சணங்களும் பொருந்திய அந்த நாட்டை முன்னாளில் ஆண்டவன் அவளுடைய அண்ணன், பெரியவன். இரண்டாண்டுக்கு முன் அதே நுழைவுத் தேர்வைக் கடந்து கல்லூரி விடுதிக்குப் போனவன், போனோம் வந்தோம் என்றில்லாமல் இரண்டு மாத விடுமுறைக்கு வந்து இறங்கினான். வந்த மாலையே தங்கையின் புத்தகங்களை அள்ளிக் கூடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் குடியமர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கூடமோ ஏற்கெனவே இரண்டு பேரரசுகள் பங்கு போட்டுக்கொண்ட பூமி. ஒரு பாதியில் அம்மாவின் தையல் மிஷின். தெருவில் பாதிப் பேருடைய சட்டைகளும் பள்ளிச் சீருடைகளும் அங்கேதான் பிறந்தன; நூலும் துணுக்கும் நாற்றிசையும் பறந்து, சோற்றுத் தட்டிலும் சொந்தம் கொண்டாடின. மறுபாதியில் அப்பாவின் தொலைக்காட்சி. எடைமேடையில் நாள் முழுதும் லாரிகளை எடை போட்டு எழுதும் அந்த மனிதர், வீட்டில் செய்தி கேட்டபடியே தூங்குவார். சத்தத்தைக் கொஞ்சம் தணித்தால் போதும், விழித்துக்கொண்டு யார் அணைத்தது என்பார். இந்த இரண்டு முழக்கங்களுக்கும் நடுவே சப்பணமிட்டு அமர்ந்து சின்னவள் ஒரு வாரம் படித்தாள். எட்டாம் நாள், பென்சீன் வளையங்கள் வரைந்த அவளுடைய குறிப்புத் தாள் ஒரு சட்டைக் காலருக்கு அளவு வெட்டும் காகிதமாகிப் போனதைக் கண்டாள். வீராங்கனை அழவில்லை என்று எழுதத்தான் நமக்கு ஆசை. அழுதாள், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அந்த அறை இல்லாமல் இந்தத் தேர்வில் தான் தேறப் போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அண்ணன் கதவை அவள் தட்ட, கட்டிலில் மல்லாந்து, முகத்துக்கு நேரே கைப்பேசியை ஏந்திக் கிடந்த அந்தக் கொற்றவன், எழுந்திராமலே தன் பழைய பயிற்சிப் புத்தகத்தில் முப்பது கணக்குகளைப் பென்சிலால் சுழித்துக் கொடுத்து, விடைப் பக்கங்களைக் கிழித்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வீடே கேட்க முழங்கினான்.

“பிசிக்ஸ் பத்து, கெமிஸ்ட்ரி பத்து, மேத்ஸ் பத்து. அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும். யார்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாது. முப்பதும் சரின்னா ரூம் உனக்கு. ஒண்ணு தப்பினாலும், லீவு முடியிற வரைக்கும் ரூம் பக்கமே வராத.”

“ரூமை இப்பவே காலி பண்ணி வெச்சுக்கோண்ணா,” என்றாள் சின்னவள்.

அப்பா அரைத்தூக்கத்தில் நடுவராக நியமிக்கப்பட்டார். அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. அவளுக்கு மாலைக்குள் கொடுக்க வேண்டிய சட்டைகள் ஆறு இருந்தன.

முதலில் இயற்பியற் படை திரண்டு வந்தது. ஆகா, அது எத்தகைய விசித்திர உலகம்! அங்கே கயிற்றுக்கு எடையில்லை, கப்பிக்கு உராய்வில்லை, கோபுரத்து உச்சியிலிருந்து பந்தை எறிகிறவனுக்கு அதை ஏன் எறிகிறோம் என்ற கேள்வியில்லை. எடையே இல்லாத கயிற்றை எடைமேடைக்காரர் மகள் எப்படி மதிப்பாள்? முப்பது பாகைச் சாய்தளத்தில் வழுக்கி வந்த மரக்கட்டையை முடுக்கம் ஐந்து என்று ஒரே வீச்சில் அடக்கினாள். இரண்டு ரயில்கள் எதிரெதிரே விரைந்து வர, அவை மோதும் நேரத்தை அவை மோதுவதற்கு முன்பே சொன்னாள். மின்தடைகள் வலை பின்னி வழிமறிக்க, வலையைச் சிக்கெடுத்துத் தொடராகவும் பக்கமாகவும் பிரித்துப் போட்டாள். மூன்று மணி அடிப்பதற்குள் பத்துத் தலைகள் உருண்டன. கூடத்தில் அதைக் கண்டு வியக்க யாருமில்லை. அப்பா குறட்டை விட்டார், அம்மா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வேதியியற் படை. ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் முன்னணியில் நிற்க, ஆக்சாலிக் அமிலம் பின்னணியில் பதுங்க, ‘சமன்பாட்டைச் சமன் செய்க’ என்ற அறைகூவல் எழுந்தது. அவள் சமன் செய்தாள். செய்து, இருபுறமும் அணுக்களை எண்ணிப் பார்த்தால், இடப்பக்கம் ஆக்சிஜன் இருபத்தெட்டு, வலப்பக்கம் இருபத்துமூன்று! ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் நட்டநடுக் களத்தில் காணாமற்போயின. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பாயை உதறாத குறை. மூன்று முறை முதலிலிருந்து போட்டாள். மூன்று முறையும் அதே ஐந்து தலைமறைவு. வியர்வை அரும்பியது, கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியது, அறைக்குள்ளிருந்து அண்ணனின் சீட்டியொலி வெற்றி முரசென எழுந்தது. அப்போதுதான் உண்மை விளங்கிற்று. அவள் எட்டு என்று எழுதிய எட்டை அவளே மூன்று என்று படித்து வந்திருக்கிறாள். எதிரிகளை வெல்லலாம், தன் கையெழுத்தை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டு, மீதியிருந்த வேதியியலை நாலேகாலுக்குள் ஊதித் தள்ளினாள்.

கடைசியாகக் கணிதப் படை, பத்தும் நிகழ்தகவு. பகடைகள் உருண்டன, சீட்டுக்கட்டுகள் கலைந்தன, பத்துப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்த இரண்டு பேர் மட்டும் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். எல்லோரையும் அடக்கி, இருபத்தொன்பதாம் கணக்கின் மார்பில் பேனாவை ஊன்றி நிமிர்ந்தபோது மணி நான்கு முப்பத்தைந்து. எஞ்சியது ஒன்றே. முப்பதாம் கணக்கு.

அதன் உருவைச் சொல்கிறோம், கேளுங்கள். “ஒரு பெட்டியில் ஐந்து சிவப்புப் பந்துகளும் நான்கு கறுப்புப் பந்துகளும் இருந்தன. அவற்றில் குறைந்தது இரண்டு கறுப்பு. பின்னர் இரண்டு பந்துகள் எடுக்கப்பட்டால், இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?” விடைகள் நான்கு கீழே கைகட்டி நின்றன: இருபத்தொன்றில் ஒன்று, ஏழில் இரண்டு, ஏழில் மூன்று, இருபத்தொன்றில் பத்து.

இவ்வளவுதானா என்று சிரித்தாள் சின்னவள். ஒன்பது பந்தில் இரண்டை எடுக்க முப்பத்தாறு வழி. சிவப்பு ஐந்தில் இரண்டை எடுக்கப் பத்து வழி. முப்பத்தாறில் பத்து, சுருக்கினால் பதினெட்டில் ஐந்து. பார்த்தால், விடைகளில் அது இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தாள். அப்போதும் பதினெட்டில் ஐந்து. எடுத்ததைத் திரும்பப் பெட்டியில் போட்டு எடுத்துப் பார்த்தாள். எண்பத்தொன்றில் இருபத்தைந்து என்று ஊர் பேர் தெரியாத விடை ஒன்று வந்து நின்றது. சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

இந்த இடத்தில் பெரியவனின் வஞ்சகத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. இரண்டாண்டுக்கு முன் இதே கணக்கில் இதே பதினெட்டில் ஐந்தைப் பெற்று, விடைப் பக்கத்தில் வேறு விடையைக் கண்டு, அச்சுப்பிழை என்று முடிவு கட்டி, புத்தகத்தைச் சுவரில் வீசியவன் அவன். யாராலும் ஆகாத கணக்கு என்று தெரிந்தேதான் அதைப் படையின் கடைசியில் நிறுத்தியிருந்தான். எத்தகைய தமையன், பாருங்கள்!

மணி நான்கு ஐம்பது. அவளை வதைத்தது அந்த நடு வாக்கியம். நான்கு கறுப்பு என்று சொன்ன வாய் உடனே குறைந்தது இரண்டு கறுப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டில் நாலு பேர், குறைந்தது ரெண்டு பேர் என்று யாராவது பேசுவார்களா? மெல்லப் படித்தாள், வேகமாகப் படித்தாள், கடைசியில் தொலைக்காட்சியையும் தையல் மிஷினையும் விஞ்சும் குரலில், போர்க்களத்தில் தனித்து நின்ற யானை பிளிறுவது போல, முழுக் கணக்கையும் ஓலமிட்டுப் படித்தாள். அந்த நேரம் பார்த்து மிஷினில் நூல் அறுந்தது. அறுந்த நூலின் நுனியை உதட்டில் நனைத்து ஊசிக் காதில் கோத்தபடி, தலையைத் தூக்காமலே அம்மா சொன்னாள்.

“ஏன்டி இப்படிக் கத்துற? கறுப்பு ரெண்டு குறைஞ்சுதுன்னா மீதி ஏழு. போ, அடுத்ததப் படி.”

பேனா கையிலிருந்து நழுவியது. குறைந்தது! தேர்வுக்குப் படித்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைக் கண்டதும் ‘இதற்குக் கம்மியாக இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள். கணக்குப் புத்தகம் அவர்களை அப்படி வளர்த்திருந்தது. தையற்காரிக்கோ, குறைந்தது என்றால் குறைந்ததுதான். துணி குறையும், நூல் குறையும், கறுப்புப் பட்டனில் இரண்டு குறையும், மீதியை வைத்துத்தான் சட்டையை முடித்தாக வேண்டும். பெட்டியிலிருந்து இரண்டு கறுப்புப் பந்துகள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான். மீதி ஏழில் இரண்டை எடுக்க இருபத்தொரு வழி, சிவப்புக்கு அதே பத்து வழி. இருபத்தொன்றில் பத்து! ஏழும் இருபத்தொன்றுமாக அந்த நான்கு விடைகளும் முதலிலிருந்தே பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றன, பார்க்கத்தான் ஆளில்லை. உள்ளே பெரியவனுக்கும் அதே கணத்தில் இரண்டாண்டுப் புதிர் விளங்கிவிட, கைப்பேசி நழுவி நேராக அவன் மூக்கின்மேல் விழுந்தது.

ஐந்து மணிக்குச் சபை கூடியது. விடைப் பக்கங்கள் சட்டைப் பையிலிருந்து வெளிவர, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப்பட, முப்பதும் சரியென்று கண்டு சின்னவள் கூடத்திலேயே குதித்தாள். வீங்கிய மூக்கோடு பெரியவன் முறையிட்டான்.

“இது செல்லாது. கடைசிக் கணக்கை இவளா போட்டா? அம்மாதான் போட்டாங்க!”

“நான் யார்கிட்டயும் கேக்கல. அவங்களா சொன்னாங்க!”

“சொன்னாலும் கேட்டாலும் ஒண்ணுதான். அம்மா இல்லைன்னா இவ தோத்திருப்பா. அம்மாதான் ஜெயிச்சாங்க!”

நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சரக்கோடு வரும் லாரியை எடை போட்டு, சரக்கில்லாத லாரியைக் கழித்து, மீதி எதுவோ அதுதான் சரக்கு என்று இருபது வருடமாகத் தீர்ப்பு எழுதும் அந்த நீதிமானின் முன்னால் தர்க்கமெல்லாம் தவிடுபொடி. அவர் மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், நிதானமாகக் கழித்தார்.

“நீ தோத்துட்ட, உன்னைக் கழிச்சாச்சு. இவ தானா போடலைன்னு நீயே சொல்ற, இவளையும் கழிச்சாச்சு. மீதி உங்கம்மா. ரூம் அவளுக்கு.”

பெரியவன் தன் வாதமே தன் கழுத்தைப் பிடித்ததை உணர்ந்தான். சின்னவளுக்கு இது அநியாயம். முப்பது கணக்கையும் போட்டவள் அவள், இருபத்தொன்பதில் அவளோடு யாரும் கூட நிற்கவில்லை, இப்போது நாடு கைவிட்டுப் போகிறது! முறையிடத் திரும்பியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு அம்மா, திறந்திருந்த கதவு வழியே அந்த அறையின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விளையாட்டுக்குச் சொல்றீங்களா?” என்று அப்பாவைக் கேட்டாள். பிறகு, யாரையும் பார்க்காமல், “எனக்கும் ஒரு கதவு இருந்தா நல்லாத்தான் இருக்கும்,” என்றாள்.

சின்னவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருடமும் அம்மாவுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கக்கூடும் என்று தனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வாறாக, சாய்தளங்களைச் சாய்த்து, காணாமற்போன ஆக்சிஜனை மீட்டு, பகடைகளையும் சீட்டுகளையும் பந்துகளையும் புறங்கண்டு, மூன்று மணி நேரம் முப்பது பகைவரோடு தனித்துப் பொருத நம் வீராங்கனையின் கண்முன்னே, ஆசைப்பட்ட தமையனுக்கும் இன்றி, அல்லும் பகலும் கனவு கண்ட தங்கைக்கும் இன்றி, ஒரு படையும் திரட்டாத, ஒரு சூத்திரமும் அறியாத மூன்றாமவரின் கொடி அந்த எட்டுக்குப் பத்தடிப் பேரரசின்மீது ஏறியது.

அம்மா அன்றைக்கே தையல் மிஷினை உள்ளே மாற்றிக்கொண்டாள்.