திருநீற்றுக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சுவிட்ச்

பயந்தவனுக்குப் பூட்டிய கதவும் திறந்தே கிடக்கும். நான் பயந்தவன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவன் (அப்படி இழுத்தே ஒரு பூட்டை உடைத்திருக்கிறேன்).

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுவதற்காக ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று முதலாளிகளைப் பார்த்த வண்டி. வாங்கிய மறுநாள் அம்மா ஞாபகப் பிசகாகப் பீரோ சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுத் திருகினேன். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! விக்கிரமசிங்கபுரத்தில் பீரோ இல்லாத வீடு ஏது? அப்படியானால் ஊரில் அத்தனை பேரும் என் வண்டிக்குச் சாவி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ரகசிய சுவிட்ச் வைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். மொபைலில் வீடியோ பார்த்தேன். ஒன்றல்ல, பதினொன்று. சாவியிலிருந்து காயிலுக்குப் போகிற வயரை வெட்டி நடுவில் சுவிட்ச் போட வேண்டும். அதை அணைத்துவிட்டால் எஞ்சினில் பொறி விழாது, எந்தப் பீரோ சாவியாலும் வண்டி நகராது. வெட்டுவது சுலபம், ஒளிப்பதுதான் கஷ்டம். சீட்டுக்கு அடியில் என்றால் திருடன் தடவிப் பார்ப்பான். மூன்று நாள் யோசித்து, முன்பக்கம் டேஷ்போர்டில் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த திருநீற்றுக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு அழுத்தில் அணைந்து, மறு அழுத்தில் உயிர் வருகிற சுவிட்ச். அதன் தலையில் கிண்ணத்தை உட்கார வைத்தேன். திருடனே ஆனாலும் சாமி கிண்ணத்தில் கை வைப்பானா? (வைக்க மாட்டான், சரிதான். மற்ற எல்லாரும் வைப்பார்கள் என்பது அந்தப் பதினொரு வீடியோவிலும் இல்லை.)

கிண்ணம் காலியாகக் கிடந்த இரண்டு மாதமும் சுவிட்ச் சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு எனக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

பெண் கல்லிடைக்குறிச்சி. பெயர் கோமதி. பெண் பார்க்கப் போன அன்று என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்திருந்தாள். அதை வைத்துத்தான் நான் ஒரு மாதம் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். அம்மா முன்சீட்டில். தட்டுகளோடு மாமாவும் அத்தையும் பின்னால். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சகுனம் பார்ப்பதில் சூரர், ரகசியம் காப்பதில் ஓட்டைப் பானை.

"நல்ல நாளும் அதுவுமா கிண்ணம் காலியாக் கெடக்கே" என்று அம்மா காலையிலேயே திருநீற்றை நிரப்பி வைத்திருந்தாள். தெரு தாண்டியதும் முதல் கோயில். அம்மா ஒரு சிட்டிகை எடுத்தாள். டிக். வண்டி நின்றது.

"என்னல ஆச்சு?" என்றார் மாமா.

"பெட்ரோல்ல தண்ணி, மாமா" என்று சொல்லிக்கொண்டே நானும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசினேன். டிக். சாவியைத் திருகினேன், ஓடியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் முழுக்கத் தெரிந்துவிடும். செத்தாலும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்தேன். யார் எடுத்தாலும் உடனே நானும் எடுத்துவிட்டால், வண்டி ஒரு விக்கலோடு ஓடிவிடும் என்று கண்டுபிடித்தேன்.

தாமிரபரணிக் கரையில் கோயிலுக்கா பஞ்சம்? அம்மா எடுத்தாள், நான் எடுத்தேன். மாமா பின்னாலிருந்து கையை நீட்டினார்.

"வேண்டாம் மாமா, போதும்."

"திருநீறு வேண்டாம்னு சொல்லுத மாப்பிள்ளைய இன்னைக்குத்தாம்ல பாக்கேன்!"

எடுத்தார். நானும் எடுத்தேன். அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் என் நெற்றி நிறைந்து மூக்குக்கு இறங்கியிருந்தது.

"எய்யா, இம்புட்டு பக்தி எப்ப வந்துச்சு?" என்று அம்மா கண் கலங்கினாள்.

ஆற்றுப் பாலத்தில்தான் எல்லாம் கெட்டது. ஆற்றைக் கண்டதும் மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் கிண்ணத்துக்குள் போயின. எத்தனை டிக் என்று பிடிபடவில்லை. நடுப்பாலத்தில் வண்டி நின்றது. நான் அழுத்த, அம்மா பதறி மறுபடி எடுக்க, வண்டி செத்தே கிடந்தது. பின்னால் பஸ் ஹாரன். மணி பத்து.

"ஏட்டி சிவகாமி, ரெண்டு மட்டம் நின்னுட்டு, நடுவுல விக்கல் வேற. சகுனம் சரியில்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாம். வண்டியத் திருப்பச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார் மாமா.

"திருப்பணும்னாலும் ஓடணும்லா" என்றாள் அத்தை.

"பிள்ளையார வேண்டிக்கிடுங்க மாமா, ஓடிரும்" என்றேன். மாமா திருநீற்றை எஞ்சினுக்கே நேரில் பூசிவிடலாம் என்று கிண்ணத்தை அப்படியே பெயர்த்தார். கூடவே சுவிட்சும் வந்தது. வால் மாதிரி வந்த இரண்டு வயர்களும் படக்கென்று அறுந்தன.

"ஏலே, சாமிக்கு எதுக்குலே கரண்டு?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள், அம்மாவைப் பின்னால் அனுப்பிவிட்டு அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, வயர் நுனிகளைப் பல்லால் உரித்தேன். முறுக்க நீளம் போதவில்லை, சேர்த்துப் பிடிக்கத்தான் முடியும். டேப் வீட்டில் (அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புறப்படும் முன் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன்).

"நல்லா சேத்துப் பிடிங்க மாமா. விட்டா நின்னுரும்."

"ஷாக் அடிக்குமாலே?"

"பேசாம இருந்தா அடிக்காது."

மாமா வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடினார். பத்து இருபதுக்குப் பெண் வீட்டு வாசல். அவர் விரலை விட்டார், வண்டி நின்றது. சாவிக்கு வேலையே இல்லை.

கோமதியின் அப்பா என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்ன அண்ணாச்சி, மாப்ள சாமியாராப் போற நோக்கம் எதுவும் உண்டா?"

கேட்டிருக்கக் கூடாது. பாலத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் மாமா அடுப்படி வரை கேட்கும்படி அவிழ்த்துவிட்டார். வீடே சிரித்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. உள்பக்கம் திரும்பி, "என்னம்மா, இப்பமும் சம்மதந்தானா?" என்று கேட்டார். எனக்கு ராகுகாலம் அந்த நிமிடமே பிறந்துவிட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓட்ட வேனுக்கே இந்தப் பாடு படுதவரு, என்னைய எங்கயும் தொலைச்சிர மாட்டாருப்பா."

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினோம்.

வேன் இன்னும் இருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகும் ஒருவரும் திருடவில்லை (கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது). புது சுவிட்ச் எங்கே என்று கோமதிக்கு மட்டும் தெரியும். கதவைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று நான் புலம்பத் தொடங்கினால், அவள் திருநீற்றைத் தொட்டு என் நடுநெற்றியில் பெருவிரலால் ஒரே அழுத்து அழுத்துவாள். பிள்ளைகள் இரண்டும் "டிக்!" என்று கத்தும்.

"நின்னுட்டா?" என்பாள்.

அநேகமாக நின்றுவிடும்.