பெருமூச்சுக்கு அரைப் புளியங்கொட்டை

ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் ஆண்டவரை அதிக நேரம் தொந்தரவு செய்த மனிதர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதானால், அது கள்ளக்குறிச்சி கம்ப்ரஷரைத் தாண்டி வேறு யாருக்கும் போகாது. போட்டிக்கு வெளிமாநிலத்திலிருந்து ஆள் வந்தாலும் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இன்னொன்று. இரண்டும் ரேஷன் கார்டோடு சரி. கச்சிராயபாளையம் சாலையில் போர்வெல் கம்ப்ரஷர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்ததால் ஊருக்கு அவர் கம்ப்ரஷர். ஆனால் கடை பாதிக் காரணம்தான். கோடையில் போரில் தண்ணீர் இறங்கிவிட்ட பிறகு கம்ப்ரஷரை ஓட்டினால், குழாய் வாயில் முதலில் வெறும் காற்று வருமே, 'ஹ்ஹ்ஹூ...ம்' என்று? இவர் வாயைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. மறுபடியும் காற்று. வார்த்தை அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம். டீக்கடையில் இவர் "சக்கரை கம்மி" என்று சொல்லி முடிப்பதற்குள் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கைக்கு வந்து ஆறியும் போயிருக்கும். அதையே குடித்துவிட்டுப் போவார்.

நான் அதற்கு நேர் எதிர். புள்ளியியல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயலில் ஒரு சதுரத்தை அளந்து, அதிலுள்ள கதிரை அறுத்து எடை போட்டு, மாவட்டத்து விளைச்சலைச் சொல்கிற உத்தியோகம். பஸ்ஸில் ஜன்னல் கம்பி, கல்யாணப் பந்தியில் அப்பளம், பிரசங்கத்தில் 'ஆகையால்' என்று எதைக் கண்டாலும் எண்ணுவேன். "நம்ம தலைமுடியெல்லாம் ஆண்டவரே எண்ணி வெச்சிருக்காராம்" என்பாள் என் மனைவி எஸ்தர். "அந்த ஒரு வேலைதான் உங்களுக்கு மிச்சமில்லாம போச்சி. உங்க தலைய பொறுத்தவரைக்கும் அவருக்கும் இப்ப வேலை கம்மிதான்."

என் ஜெபமும் அப்படித்தான். துதி, நன்றி, விண்ணப்பம் என்று மூன்று பாகம். விண்ணப்பத்துக்குள் உட்பிரிவுகள். 'ஆண்டவரே, தாங்கள் அறிந்தபடி' என்று தொடங்குவேன். அதன் பிறகு, ஒருவேளை அறியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் எல்லாவற்றையும் விளக்குவேன்: மரவள்ளி விலை, கோமுகி அணையின் நீர்மட்டம், எங்கள் தெருவில் எரியாத விளக்குக் கம்பத்தின் எண். முகவரி சொல்லாமல் நான் யாருக்கும் சுகம் கேட்டதில்லை. எங்கள் சபையில் இரண்டு மேரிகள் இருந்தார்கள். ஒருத்தியின் மூட்டுவலிக்குக் கேட்டது இன்னொருத்திக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு?

புதன்கிழமைதோறும் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்த அன்று, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டர், ஆபத்து தெரியாமல், "ஐயா, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க" என்று கம்ப்ரஷரைக் கை காட்டிவிட்டார்.

எழுந்தார். கண்ணை மூடினார். "ஹ்ஹ்ஹூ...ம்."

நாங்களும் கண்ணை மூடிக் காத்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. மறுபடி, "ஹ்ஹ்ஹூ...ம்." நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எஸ்தரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நெஞ்சுவலியோ என்று பயந்து அவள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது, மூன்றாவது காற்றை விட்டுவிட்டு, "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, ஒண்ணும் சொல்லலியே?" என்றார் பாஸ்டர்.

"ஹூம்... எனக்கு இன்னாத்த கேக்கறதுன்னு தெரியாது பாஸ்டர். அவரே உள்ள இருந்து வேண்டிக்குவாரு. நான் வழி வுட்டுட்டு நின்னுக்குவேன்."

பாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா சொல்றது வேதத்துல இருக்கறதுதான் சார். நமக்குச் சரியா வேண்டிக்கத் தெரியாது. பரிசுத்த ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சோட வேண்டிக்கறார்."

"அது வேண்டிக்கத் தெரியாதவங்களுக்கு பாஸ்டர்" என்றேன். "எனக்குத் தெரியுமே?"

பாஸ்டர் கேசரித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சந்தேகம். இந்த மனிதர் ஜெபிக்கிறாரா, தூங்குகிறாரா? ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஆமென் சொல்லி உட்கார்ந்து மிக்சர் கொறிக்கத் தொடங்கிய பிறகும் கம்ப்ரஷர் மட்டும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். நான் தோளைத் தொட்டு, "முடிஞ்சி போச்சிங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீங்க முடிச்சிட்டீங்க சார். அவரு இன்னும் முடிக்கலியே."

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் சபையில் ஆயிரம் ஸ்தோத்திரம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாக, "சுகம் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்", "மழை தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆயிரம் வரைக்கும் சொல்ல வேண்டும். எண்ணுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எவர்சில்வர் தட்டு, நிறையப் புளியங்கொட்டை. ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஒரு கொட்டை இடது தட்டிலிருந்து வலது தட்டுக்குப் போகும். கம்ப்ரஷர் வந்து உட்கார்ந்த முதல் சனிக்கிழமையே வண்டி நின்றுவிட்டது.

"ஹ்ஹ்ஹூ...ம்" என்றார்.

நான் கொட்டையை விரலில் பிடித்தபடி காத்திருந்தேன்.

"நவுத்துங்க" என்றாள் எஸ்தர்.

"இன்னும் அவர் சொல்லலியே?"

"சொல்லிட்டாரு."

"எங்க சொன்னாரு? காத்துதானே வந்துச்சி?"

"ஆண்டவருக்குக் கேட்டிருக்கும், நவுத்துங்க."

"ஆண்டவருக்குக் கேட்டா போதுமா? கணக்கு என்கிட்ட இல்ல இருக்குது?"

சபை சிரித்தது. பாஸ்டர் என்னைச் சமாதானப்படுத்த, "சார், உங்க மனசாட்சிப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். என் மனசாட்சிக்குத் தசமப் புள்ளி உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் பாக்குவெட்டியால் ஒரு பிடி புளியங்கொட்டையை இரண்டு இரண்டாக வெட்டிக்கொண்டு போனேன். இரண்டு கொட்டை தெறித்து ஓடி, ஒன்று என் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. ஆனாலும் நீதி நிலைநாட்டப்பட்டது: பேசினால் முழுசு, பெருமூச்சு விட்டால் அரை.

கம்ப்ரஷர் கோபித்துக்கொள்வார் என்று கொஞ்சம் ஆசையாகவே எதிர்பார்த்தேன். அவர் வெட்டுப்பட்ட கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஹூம்... அரையே ஜாஸ்தி சார். நான் எங்க ஒண்ணும் பண்ணேன்?" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை உபவாசத்தால் வந்த வாயு என்று சோடா குடித்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சபையார் எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரில் எங்கள் சபையின் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. பெரிய பலா மரத்தடியில் ஜமக்காளம் விரித்து ஆராதனை. மரத்தின் மறுபக்கம் மூன்று கல்லை வைத்து சாம்பார் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குக் காவல் எஸ்தர். நிறைவு ஜெபம் நான்.

வெட்டவெளி, நல்ல காற்று, புதுச் செவிகள். எனக்கு உற்சாகம் கரைபுரண்டது. துதியை முடித்து நன்றிக்குள் நுழைந்திருப்பேன். எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்கள். கம்ப்ரஷரிடமிருந்து "ஹ்ஹூம்" என்று வந்தது. நான் குரலை உயர்த்தினேன். "ஹ்ஹூம்! ஹ்ஹூம்!" இவ்வளவு ஆவேசமாக அவர் ஒருநாளும் ஜெபித்ததில்லை. என் ஜெபத்தை அமுக்கப் பார்க்கிறாரே என்று நான் இன்னும் குரலை உயர்த்தி மலைவாழ் மக்களின் சாலை வசதிக்குப் போனேன். யாரோ பரவசத்தோடு "அல்லேலூயா" என்றார்கள். அப்போதுதான் அவருக்குக் காற்று போய்த் தண்ணீர் வந்தது.

"கதண்டு!"

கதண்டு என்றால் குளவிக்குப் பெரியண்ணன். பச்சை விறகின் புகை மேலே போய்க் கிளையில் இருந்த கூட்டைக் கலைத்துவிட்டது. கூட்டம் சிதறி ஓடியது. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவள் எஸ்தர். ஜமக்காளத்தை உருவிக்கொண்டு கம்ப்ரஷர் ஓடினார். அவளைத் தலையோடு மூடி, மேலே கவிந்துகொண்டார். ஓடத் தெரியாமல் கைகூப்பியபடியே நின்ற என்னை ஒரு கதண்டுகூடச் சீண்டவில்லை. அவற்றுக்கும் என் ஜெபம் சலித்திருக்க வேண்டும்.

எஸ்தரின் முகமும் கழுத்தும் வீங்கிவிட்டன. மூச்சு விசில் மாதிரி வந்தது. நான் பதறிப்போய், "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று கொட்டின இடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"எண்ணாதீங்க" என்றாள். அதன் பிறகு விசில் மட்டும்தான் வந்தது.

கரியாலூர் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, "உடனே கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்கள். வேன் கிளம்பியது. பாஸ்டர் என் முழங்காலைப் பிடித்து, "சார், நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார். நியாயந்தானே. சபையிலேயே நன்றாக ஜெபிக்கிறவன் நான்.

"ஆண்டவரே, தாங்கள் அறிந்தபடி..." என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் மனைவியின் பெயர் வரவில்லை, முகவரி வரவில்லை. மறுபடி, "தாங்கள் அறிந்தபடி" என்றேன். மலையின் வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. அத்தனை வளைவுக்கும் என்னிடம் இருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். எத்தனை வளைவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். "மூச்சுக்குழாய் வீங்கியிருக்கு. மருந்து போட்டிருக்கோம், கேக்குதான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். பாஸ்டர் மருந்துக் கடைக்கு ஓடினார். வெளியே பெஞ்சில் நானும் கம்ப்ரஷரும் மட்டும். அவருக்கும் ஊசி போட்டிருந்தார்கள். தலை பூசணிக்காய் அளவு வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. "ஹ்ஹ்ஹூ...ம்" என்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஜெபம் பண்ணுங்களேங்க! தூங்கறீங்களா?"

"ஹூம்... கண்ணு ரெண்டும் வீங்கிகினு கீது சார். முழிச்சிகினு கிறனா, தூங்கிகினு கிறனான்னு எனக்கே தெரில."

"இன்னா சொல்லி வேண்டிக்கறீங்க? அதயாவது சொல்லுங்க. நானும் கூடச் சொல்றேன்."

"இன்னா சொல்றதுன்னு தெரிஞ்சா நான் ஏன் சார் காத்து வுடறேன்?" மறுபடியும் காற்று. பிறகு வந்தது: "அக்காவுக்கு இன்னா வேணும்னு அவருக்குத் தெரியும். நாம கொஞ்சம் ஒதுங்கிக்கணும்."

ஒதுங்குவதற்கு எனக்கு இடமே தெரியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் அடிவயிற்றிலிருந்து, நான் கூப்பிடாமல், நான் அனுமதி கொடுக்காமல், ஒன்று கிளம்பி வந்தது.

"ஹ்ஹ்ஹூ...ம்."

ஆஸ்பத்திரித் தாழ்வாரமே கேட்டிருக்கும். அதில் துதி இல்லை, நன்றி இல்லை, உட்பிரிவு ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்ல நினைத்ததெல்லாம் அதில் இருந்தது. நினைக்காததும் இருந்தது போலிருந்தது. அந்தக் காற்றை நான் விடவில்லை என்று மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

கம்ப்ரஷர் பூசணிக்காயை என் பக்கம் திருப்பினார். இரண்டு கோட்டில் ஒன்று லேசாகத் திறந்தது.

"சார்... இதுக்கு முழுசா, அரையா?"

நான் சிரித்தேனா, அழுதேனா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மூக்கு வழியாகத்தான் போகும். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னா பெர்சு, இது ஆஸ்பத்திரியா கல்யாண மண்டபமா? சத்தம் போடாம குந்துங்க ரெண்டு பேரும்" என்று அதட்டினாள். இரண்டு பேரும் குற்றவாளிகள் மாதிரி சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாய்ந்த பிறகு கதவு திறந்தது. மருந்து கேட்டுவிட்டது. எஸ்தரின் விசில் நின்றிருந்தது. உதடு வீங்கிய வாயால் அவள் கேட்ட முதல் கேள்வி: "எத்தினி கொட்டுன்னு கணக்கு முடிஞ்சிதா?"

"எண்ணலம்மா" என்றேன்.

அவள் கையைத் தூக்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

அதற்குப் பிறகு பாக்குவெட்டி பாக்குக்கே திரும்பிவிட்டது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். இப்போதும் 'தாங்கள் அறிந்தபடி' என்றுதான் தொடங்குகிறேன், மரவள்ளி விலையையும் சொல்கிறேன். சில நாள் நடுவில் காற்று வந்துவிடுகிறது. அன்றைக்கெல்லாம் கூட்டம் சீக்கிரம் முடிகிறது, பாஸ்டர் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

கம்ப்ரஷர் கடையை விற்றுவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். முதல் சனிக்கிழமை அவர் முறை வரும்போது நான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறேன். எடுப்பார். ஒரு சத்தமும் இருக்காது. ஊரில் மற்றவர்களெல்லாம் லைன் கிடைக்கவில்லை என்று வைத்துவிடுகிறார்களாம், மகள் குறைபட்டுக்கொண்டாள். நான் ஒரு முழுக் கொட்டையை விரலில் பிடித்தபடி காத்திருக்கிறேன். போனை வைப்பதில்லை.