டயருக்குப் பூசிய கரி

பதுளை பஸாரில் எனக்கு ஒரு பிடவைக் கடை, துணி வியாபாரம். சீமைக்குத் திரும்பிப் போன துரையிடம் பழைய மோட்டார் ஒன்றை வாங்கியதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. பண்டாரவளையில் மனைவிக்கு மூத்தவளான ராத்தா வீட்டில் கல்யாணம். அங்கே நானே ஓட்டிக்கொண்டு போய் இறங்குவதென்று முடிவு கட்டினேன்.

என் மனைவி முஹ்ஸினா மோட்டாரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இஞ்சாருங்க, டயரெல்லாம் மொட்டையா ஈக்கி. மழைக்கு வழுக்காதா?"

"டயர்ல என்ன புள்ள ஈக்கி? எல்லாம் ஓட்டுறவன் கையில."

"புது டயர் போட்டாத்தான் நான் ஏறுவேன்."

புது டயர் கொழும்பிலிருந்து வரவேண்டும். என் கஞ்சத்தனமோ ஊரறிந்தது. சிரட்டைக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நாலு டயரிலும் பூசினேன். புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தன.

"புதுசு வந்துட்டு" என்றேன்.

"நல்லா ஈக்கி" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியபோதே நான் பயந்திருக்கவேண்டும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் திரை கட்டாத வண்டியில் ஏறமாட்டார்கள். பின் ஆசனத்தைச் சுற்றிச் சீத்தைத் துணி கட்டினேன். முன்னாலிருந்தும் யாரும் பார்க்காதபடி என் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. புறப்படும்போது மழை தூறியது. பின்னால் கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

"ஏறிட்டியா?"

"கதவ சாத்தியாச்சி. நீங்க போங்க. மெதுவா."

வழியெல்லாம் திரைக்குப் பாடம் நடத்தினேன். "வளைவு வரக்குள்ள வேகத்தக் குறைக்கணும் புள்ள. பள்ளத்துல கியர மாத்தி இறங்கணும். ஈர ரோட்டுல சட்டுனு பிரேக் மிதிக்கப்படாது." அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினேன்.

ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் மண் சரிந்து கிடந்தது. சட்டென்று பிரேக்கை மிதித்தேன். மோட்டார் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்தது.

"முஹ்ஸினா."

பதில் இல்லை.

"புள்ள, பேசு."

மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொழுந்தெடுத்தவர்கள் ஓடி வந்தார்கள். கங்காணி வீரய்யா திரையில் கை வைத்தார்.

"தொடாதீங்க, உள்ள பொம்பள" என்று தடுத்தேன். ஆண்களெல்லாம் மரியாதையாக முதுகைக் காட்டி நின்றார்கள். நான் சேற்றில் உட்கார்ந்து, அத்தனை பேர் காதிலும் விழ அழுதேன்.

"புது டயர் பொய் புள்ள. கரியப் பூசி உன்ன ஏமாத்திட்டேன். கஞ்சத்தனத்தால உன்னக் கொன்னுட்டேன். ஒரு வார்த்த பேசு, நாளைக்கே கொழும்புலேருந்து புது டயர் எடுக்கிறேன். அல்லாஹ் மேல ஆணை."

கொழுந்தெடுக்கும் வேலாயி திரையை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"அய்யா, அம்மா யாருமில்லீங்க. ரெண்டு தலகாணிதாங்க இருக்கு."

முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீரய்யா தோள் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கானிலேயே படுத்து மண்ணை இழுத்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாரும் சேர்ந்து வெகுநேரம் தள்ளியும் மோட்டார் அசையவில்லை. அப்போது கூடாரம் போட்ட மாட்டு வண்டியொன்று வளைவில் வந்து நின்றது. அதன் திரைக்குள்ளிருந்து முஹ்ஸினாவின் குரல்.

"அடி கிடி பட்டிச்சா? கரி பூசின டயர் வழுக்கிட்டா?"

"இல்ல. டயர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்மட வெள்ளப் பூன டயர்ல ஒரசிட்டு, கறுப்புப் பூனையா அடுப்படிக்கு வந்திச்சி."

"அப்ப என்ன ஏன் போக விட்ட?"

"சொன்னாக் கேக்குற ஆளா நீங்க? அதான் பின்னாலயே வந்தேன்."

வண்டிக்குப் பின்னால் இன்னொரு சோடி மாடு வெறுமனே கட்டியிருந்தது.

"அது எதுக்கு?" என்றேன்.

"அது உங்கட மோட்டாருக்கு. நேத்தே பேசி வெச்சிட்டேன்."