யார்கிட்டயும் சொல்லாதே

1989 ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அடுத்த வீட்டுச் சாமுண்டீஸ்வரி, தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பார்த்துவந்த சூப்பர்வைசர் வேலையை அன்றைக்குத்தான் விட்டாள். ஆடியில் எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது, விட்டுவிடலாம், தப்பில்லை என்று அவளுக்கு ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று வருஷம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, முதுகில் மூட்டையோடு நான் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் அன்றைக்குத்தான்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஒருவர் என்றாலும் அவர் ஓர் இனம். குளத்துப் படியில் வேட்டி நனையாமல் நின்றுகொண்டு, 'இறங்கு, ஆழமே இல்லை, நான் இருக்கேன்' என்று ஊரையே தண்ணீருக்குள் அனுப்பிவைக்கும் இனம். 'இறங்கு சார்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். வாரங்கல் மிளகாய் மண்டி வாசலில் இவரைப் பார்த்தேன். கோரக்பூர் பிளாட்பாரத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்குக் கம்பளி வியாபாரம் கற்றுக்கொடுத்தார். ஆனாலும் தாம்பரத்தில் விளைவது தனி ரகம்.

எங்கள் ஊர் ரகத்தின் பெயர் தோத்தாத்ரி சார். கோட்டைப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சனிக்கிழமை திருநீர்மலைக் கோயில், மற்ற நாளெல்லாம் மின்சார ரயில். ஜன்னலோர இருக்கையில் அவர் உட்கார்ந்துவிட்டால் கிண்டி வருவதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு தொழிலதிபர். "மாசச் சம்பளம்கறது என்ன? அடிமைச் சாசனம்" என்பார். அந்த அடிமைச் சாசனத்தை வாங்க ஒவ்வொரு மாதமும் வரிசையில் முதல் ஆளாக நிற்பதும் அவரே.

அப்படியானால் நீங்கள் ஏன் சார் இறங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பல்லாவரத்து மலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "நானும் இறங்கிட்டா உங்களுக்கெல்லாம் யார் சொல்றது?"

நியாயம்தானே?

இவருடைய போதனைகளைச் சுருக்கமாகத் தருகிறேன். கூட்டாளி சொந்தக்காரனாக இருக்கக் கூடாது, ஆனால் சொந்தக்காரனைத் தவிர வேறு யாரையும் நம்பக் கூடாது. கடன் கொடுக்கக் கூடாது, கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார். சின்னதாக ஆரம்பிக்க வேண்டும், சின்னதாக யோசிக்கக் கூடாது. கடைக்கு முன்னால் விசிட்டிங் கார்டு, கார்டுக்கு முன்னால் போர்டு, போர்டுக்கு முன்னால் பெயர், அந்தப் பெயர் எப்படி ஆரம்பித்தாலும் 'எண்டர்பிரைசஸ்' என்று முடிய வேண்டும். என்ன விற்கப் போகிறோம்? அது அப்புறம்.

இதெல்லாம் ரயில் பெட்டியில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் உள்ளே ஒரு தீட்சை உண்டு. ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்குக் கீழே அழைத்துப் போவார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். கழுத்து முன்னால் வரும், குரல் இறங்கும். "நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்குவார். முடிக்கும்போது, "யார்கிட்டயும் சொல்லாதே. வெளியில போச்சுன்னா திருஷ்டி" என்பார்.

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, எங்கள் பக்கத்து மனிதர்களை அப்படியே கட்டிப்போட்டுவிடும். வீடு கட்டினால் பூசணிக்காய், குழந்தை பிறந்தால் கன்னத்தில் மைப்பொட்டு என்று வளர்ந்தவர்கள் தொழில் யோசனையை மட்டும் திறந்துபோட்டு வைப்பார்களா?

சாமுண்டீஸ்வரிக்குக் கிடைத்த ரகசியம், ஜெராக்ஸ் கடை. ஏரிக்கரை வரைக்கும் வயலை மனையாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம். பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் நகல் வேண்டும். பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் தெருவிலோ நகல் எடுக்க ஒரு கடை கிடையாது. யோசனை நல்ல யோசனைதான். அதில் குறையே சொல்ல முடியாது.

"வேற யார்கிட்டயாவது விசாரிச்சியா?" என்று கேட்டேன்.

"எப்படிக்கா விசாரிக்கிறது? யார்கிட்டயும் சொல்லக் கூடாதே."

"என்கிட்ட சொல்றியே."

"நீங்க ஊர்லயே தங்கறதில்ல. உங்க கண்ணு படாது."

பொழிச்சலூரில் அவள் பங்குக்கு வந்த மனையை விற்று இயந்திரம் வாங்கியிருந்தாள். வேலையில் அவள் இடத்துக்கு அடுத்த வாரமே வேறு பெண் வந்தாயிற்று. இந்தக் கடை ஓடினால்தான் உண்டு. திரும்பிப் போக எதுவும் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவரும் தோத்தாத்ரி சார்தான். திருஷ்டிக்குப் பயந்து போர்டின் மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. தேங்காயை உடைத்தாள், தாளைக் கிழித்தாள். எதிர்ச் சாரியிலும் ஒரு தேங்காய் உடைந்தது. அங்கேயும் ஒரு போர்டு, அங்கேயும் செய்தித்தாள். கிழித்துக்கொண்டிருந்தவர் ஏகநாதன், நிலம் விற்ற பழைய குடும்பத்துக்காரர். நாலு கடை தள்ளி தேங்காய்க்குப் பதில் ஜெபம் முடிந்து 'ஆமென்' கேட்டது. அங்கே தாளைக் கிழித்தவர், மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி வேலையை விட்டிருந்த சவுரிமுத்து. ஒரே தெரு, ஒரே முகூர்த்தம். ஏகநாதன் ஜெராக்ஸ் எண்டர்பிரைசஸ், ஈஸ்வரி ஜெராக்ஸ் எண்டர்பிரைசஸ், சவுரி ஜெராக்ஸ் எண்டர்பிரைசஸ்.

மூவரும் ஒருவர் போர்டை ஒருவர் படித்தார்கள்.

"இன்னாமே இது, நீயும் ஜெராக்ஸா?" என்றார் சவுரிமுத்து.

"என் ஐடியாவ உனக்கு எவன்யா சொன்னான்?" என்றார் ஏகநாதன்.

"உன் ஐடியாவா? எனக்கு சார் சொன்னாரு."

"எனக்கும் சார்தான் சொன்னாரு, அண்ணா," என்றாள் சாமுண்டீஸ்வரி, மெதுவாக.

அப்போது சார் வந்தார். கையில் மூன்று முழம் பூ, கடைக்கு ஒரு முழம். ஆக, கணக்கு அவருக்குத் தெரிந்தேயிருந்தது. தெருவை ஒரு முறை திருப்தியாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு கடை இருந்தா அது கடை. மூணு இருந்தா மார்க்கெட். காம்பெடிஷன் இல்லாத தொழில் வளராது, பாருங்கோ."

"சார், நான் வேலைய வுட்டுட்டு வந்துகீறேன் சார்," என்றார் சவுரிமுத்து.

"அதான் முதல் வெற்றி," என்று அவர் கையில் ஒரு முழம் பூவைக் கொடுத்தார் சார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களை எப்படிச் சொல்வது? நகல் எடுக்க வந்தவர் தெருமுனையில் நின்றால் மூன்று கடையிலிருந்தும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்ற இருவரும் மதியத்துக்குள் அதைவிடக் குறைத்தார்கள். முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோனது. சாமுண்டீஸ்வரி இயந்திரத்துக்கு உறை தைத்துப் போட்டு, பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மனை மண்ணா இருந்தப்போ அதும் மேல நடக்கவாவது முடிஞ்சுது அக்கா," என்றாள் ஒருநாள். இதை மறுநாள் ரயிலில் தோத்தாத்ரி சாரிடம் சொன்னேன். ஜன்னலோரத்தில் பதில் தயாராக இருந்தது. "பொறுமை," என்றார், சைதாப்பேட்டையைத் தாண்டும்போது.

ஐப்பசி மழை வந்தது. தெருக் கம்பத்துக்கு மின்சாரம் மூன்று பேஸாக, அதாவது மூன்று தனித்தனிக் கம்பியில் வரும். மழைக் காலத்தில் தினம் ஒரு பேஸ் போகும். ஒரு வீடு இருட்டாக இருந்தால் அடுத்த வீட்டில் விசிறி சுற்றும். ஒரு சாயங்காலம் சாமுண்டீஸ்வரி கடையில் கரண்ட் போனபோது, நனைந்த பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். பதிவாளர் அலுவலகம் மூடும் நேரம். அவள் பார்த்தாள். எதிரே ஏகநாதன் கடையில் விளக்கு எரிந்தது. கொஞ்சம் தயங்கினாள்.

"அங்க கரண்ட் இருக்கு, போங்கய்யா," என்றாள்.

மறுநாள் ஏகநாதன் பக்கம் இருட்டு. "தங்கச்சி கடைக்குப் போ," என்று ஓர் ஆளை அனுப்பினார். அடுத்த வாரம் சவுரிமுத்து. மூன்று கடையும் மூன்று வேறு பேஸில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் திட்டம் போட்டதல்ல. கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியர் கைக்கு எட்டிய கம்பியில் ஒவ்வொருவருக்கும் இணைப்புக் கொடுத்ததுதான். அந்தத் தெருவுக்குப் போனால் எந்தக் கடையிலாவது வேலை நடக்கும் என்ற பேச்சு பம்மல் வரை போய்விட்டது. விலையை மூவரும் உட்கார்ந்து ஒன்றாக்கினார்கள். மார்கழிக்குள் சாமுண்டீஸ்வரி இயந்திரத்துக்கு உறை போடுவதை விட்டுவிட்டாள். ஓய்வு இருந்தால்தானே?

ரயிலில் சார் சொன்னதையும் கேளுங்கள். "மூணு பேஸுக்கு மூணு கடை. அந்த பிளான் என்னோடது. அப்பவே சொல்லியிருந்தா அவாளுக்குப் புரிஞ்சிருக்காது."

இந்த இனத்தை அழிக்க முடியாது. தோல்வி உங்களுடையது, வெற்றி அவருடையது என்று பாகம் பிரித்தாகிவிட்ட பிறகு அவருக்கு என்ன ஆபத்து?

ஆனால் எனக்கு ஒரு செய்தி வந்தது, ஏழு வருஷம் கழித்து. நான் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, ஷில்லாங்கில் ஒரு விடுதியில் இருந்தேன். கீழே போன் என்று கூப்பிட்டார்கள். சாமுண்டீஸ்வரி. ஜெராக்ஸோடு எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தாள்.

"தோத்தாத்ரி சார் ரிடையர் ஆயிட்டார் அக்கா. நம்ம தெருவுலயே கடை பிடிச்சிருக்கார். போர்டுல பேப்பர் ஒட்டியிருக்கு. என்ன கடைன்னு எனக்கு மட்டும்தான் சொன்னார். ஏகநாதன் அண்ணனுக்கு மட்டும் சொல்லியிருக்கார். சவுரிமுத்து அண்ணனுக்கும் மட்டும்."

"ஜெராக்ஸா?"

"ஜெராக்ஸ்தான். ரிடையரான பணம் அத்தனையும் போட்டுட்டார். நேத்து சாயங்காலம் கடை வாசல்ல தனியா நின்னு போர்டையே பாத்துகினு இருந்தார்." பூத் கதவை அவள் இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "கரண்ட்ல மூணு பேஸ்தானே இருக்கு? நாலாவது இல்லையே. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை திறக்கிறார். என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை.

"நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் நிறுத்தவில்லை, தெரியும். லாமினேஷன் போடலாம், பைண்டிங் போடலாம், ஜெனரேட்டர் வாங்கலாம் என்று உங்களிடம் ஒரு யோசனை இந்நேரம் தயாராக இருக்கும். கழுத்து சற்று முன்னால் வந்திருக்கிறதா, பாருங்கள். வந்திருந்தால், யார்கிட்டயும் சொல்லாதீர்கள்.