தோணா வெட்ட வந்த மாப்பிள்ளைமார்

முழங்கால் சேற்றில் நின்று தோணா வாய்க்காலை வெட்டிய நால்வரில் காலிதீன்தான் இளையவர். அவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது.

"செக்கிறட்டரி, வாலிபர்மார் வருவாங்க எண்டாயே, எங்க?" என்று சங்கத் தலைவர் முகம்மது தம்பி காலிதீனிடம் கேட்டார். குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், கேள்வி சேற்றைப் பார்த்துத்தான் வந்தது.

"வருவாங்க காக்கா, வருவாங்க."

ஒருவரும் வரவில்லை.

சூறாவளி அடித்த மறு வருசம் அது. சாய்ந்தமருதின் வெள்ளத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகும் தோணா, விழுந்த தென்னைகளாலும் பறந்துவந்த தகரங்களாலும் அடைத்துக் கிடந்தது. மாரிக்கு முன் அதைத் திறக்காவிட்டால், இப்போதுதான் குடிசை போட்டுத் தலை நிமிர்ந்திருக்கும் பள்ளத்துச் சனம் மறுபடி நடுத்தெருவுக்கு வரும். "சங்கம் வெட்டித் தரும்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் காலிதீன். நலன்புரிச் சங்கத்தில் வாக்குக் கொடுக்க ஆள் இருந்தது. மண்வெட்டி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

கூலியில்லாச் சிரமதானத்துக்கு வரச்சொல்லிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பார்த்தார். வாலிபர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்கள். வேலை முடிந்ததும் கரப்பந்தாட்டம் உண்டு என்று சொல்லிப் பார்த்தார். வேலை முடியும் நேரத்தைச் சரியாகக் கணித்து ஒரு பட்டாளமே வந்தது. சேறு அப்பிய நான்கு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் வலை கட்டல்லையா?" என்று கேட்டது.

கடைசியில் வீடு வீடாகப் போய் ஆள் கேட்பதென்று தீர்மானித்தார். அதை வீட்டில் மனைவி, மகள் காதிலும் இரண்டு நாளாக முழங்கிவிட்டு, வெள்ளைச் சட்டையும் புதுச் சாரனும் தொப்பியுமாகப் புறப்பட்டார்.

முதல் வீடு ஆசியா உம்மாவுடையது. அவள் மகன் றவூப் ஊரிலேயே நெடியவன்; தூக்கத்திலும் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆசியா உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தாள்.

"மகனுக்கு இப்ப என்ன வயசு தங்கச்சி?"

"இருவத்திரெண்டு காக்கா."

"நோய் வருத்தம் ஒண்டும் இல்லையே? பாரம் தூக்குவாரா?"

"தூக்குவார், தூக்குவார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை தோணாப் பக்கம் அனுப்புங்க. ஆள் வேலை செய்யிற விதத்தை நான் நேர பாக்கவேணும்."

கதவுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. பிறகு வட்டிலப்பம் வந்தது. அடுத்த வீட்டில் றம்ஸியா கோழி அறுத்துச் சமைத்தே வைத்திருந்தாள். சங்கத்துக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா என்று காலிதீனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மாலையில் வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பியவரை மனைவி சுஹறா வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்க, ஒங்களுக்குப் புத்தி பிசகிட்டா? நம்மட மகள் முனவ்வறாவுக்கு எத்தினை மாப்பிள்ளை கேட்டிரிக்கீங்க?"

"ஆரு, நானா?"

"பொடியன்மாரெல்லாம் அதைத்தான் கதைக்கிறானுகள்! குமர்ப் பிள்ளை வச்சிருக்கிற வாப்பா வெள்ளைச் சட்டையோட பொடியன் இரிக்கிற வீட்டுக்குப் போனா வேறென்னத்துக்காம்? ஆசியா உம்மாட மகன் காலையிலேயே எழும்பிக் குளிச்சிட்டானாம்!"

காலிதீன் அப்படியே குந்திவிட்டார். பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை கேட்பதுதான் அந்த ஊர் வழக்கம். ஆனால் ஒரே மகளுக்கு ஒரே நாளில் தெரு முழுக்க மாப்பிள்ளை கேட்ட வாப்பாவை ஊர் கண்டதில்லை. உள்ளே தைத்துக்கொண்டிருந்த முனவ்வறா தலை நிமிரவேயில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள் என்று அவருக்கு மனம் வெந்தது.

மறுநாள் காலையில் ஆசியா உம்மா வீட்டுக்கு ஓடினார்.

"தங்கச்சி, பிழையா விளங்கிடாதீங்க. எனக்கு ஒங்கட மகன் மட்டும் காணாது. கிடைக்கிற எல்லாரும் வேணும்!"

இப்போது இருமல் நிற்கவேயில்லை.

"காக்கா, இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் சாப்பிடுங்களன்."

காலிதீன் தப்பி வந்தார். வழியில் றவூப் சைக்கிளை விட்டு இறங்கி, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா!" என்றான். நேற்றுவரை அவரைக் கண்டால் வேறு தெருவுக்குத் திருப்புகிற சைக்கிள் அது.

இப்போது உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு குஞ்சும் வராது. சொல்லாவிட்டால் மகளின் பெயர் கெடும். பள்ளத்துச் சனத்தை நினைத்துக்கொண்டார். 'ஞாயிறு கழியட்டும், பிறகு வீடு வீடாய் மன்னிப்புக் கேட்பம்' என்று வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் போனால் தோணாக் கரையில் திருவிழாக் கூட்டம். மடிப்புக் கலையாத சட்டை, தலை நிறைய எண்ணெய், காற்றெல்லாம் அத்தர். காலிதீன் ஒருவனைப் பார்த்தால் அவன் தென்னங்குற்றியைத் தனியே தூக்கினான். அதைக் கண்ட அடுத்தவன் இன்னும் பெரிய குற்றியைத் தேடி ஓடினான்.

வெயில் ஏற எல்லாச் சட்டையும் ஒரே சேற்று நிறமாகிவிட்டது. பள்ளத்துப் பெண்கள் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் அனுப்பினார்கள். பாட்டும் பகிடியுமாக வேலை நடந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன் கடைசி மண் உடைந்து தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தபோது எல்லாரும் ஒரே குரலாகக் கூச்சல் போட்டார்கள். அப்போது மாமா பார்க்கிறாரா என்று ஒருவனும் திரும்பவில்லை. காலிதீனுக்குக் கண் நிறைந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அந்தக் கிழமையே மாரி பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தும் ஒரு குடிசைக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. பொடியன்மார் நனைந்துகொண்டே குடிசை குடிசையாகப் பார்த்து வந்தார்கள். பள்ளத்தில் செல்லத்தங்கம் என்ற கிழவி றவூப்பின் கன்னத்தைப் பிடித்து, "நீ நல்லா இருக்கோணும் மகன்" என்றாளாம். அவன் நேரே சங்கத்துக்கு வந்தான்.

"மாமா, அடுத்த வேலை என்னைக்கு?"

இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று காலிதீனுக்குத் தெரியவில்லை. இவர்களையா ஏமாற்றினோம் என்று நினைக்க அதைவிட வலித்தது. குடையை எடுத்துக்கொண்டு ஆசியா உம்மா வீட்டுப் படியேறினார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்க. ஒங்கட மகனை நான் மாப்பிள்ளையாக் கேட்டு வரல்ல. நீங்களெல்லாம் பிழையா விளங்கியிரிக்கீங்க எண்டு தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்திட்டன்."

கதவு திறந்தது. ஆசியா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கெல்லாம் சரியாத்தான் விளங்கிச்சு காக்கா; நீங்க வாறதுக்கு முதல் நாளே வீடு வீடா வந்து, 'வாப்பா சிரமதானத்துக்குத்தான் ஆள் கேட்டு வருவார், ஒங்கட மகன்மாரிட்ட மட்டும், மாப்பிள்ளை கேட்டு வந்தார் எண்டு சொல்லுங்க' எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்ததே ஒங்கட முனவ்வறாதானே!"